கம்யூனிட்டி காலேஜுக்கு முதல் கிராண்ட்: ஜனவரியில் தொடங்கினால்தான் அக்டோபரில் முடியும்

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுக்கிறேன் என்று ஊருக்குப் போன் செய்து சொன்னபோது, சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கம்யூனிட்டிப்பா?" சாதிச் சான்றிதழைக் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றே சொல்லிப் பழகியவருக்கு வேறெப்படித் தோன்றும்? இது அந்தக் கம்யூனிட்டி இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளும் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்களும் குறைந்த கட்டணத்தில் படிக்கிற இரண்டாண்டுக் கல்லூரி. மிகப் பழைய அரசுக் கல்லூரி 1901-ல் இல்லினாய்ஸின் ஜோலியட் நகரில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. நம் ஊரில் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமென்றால், பாலிடெக்னிக் பாதி, கலைக் கல்லூரி பாதி.

இப்படியொரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனதும், டீன் ஒருநாள் நடைபாதையில் நிறுத்தி, "உங்கள் லேபுக்கு ஒரு கிராண்ட் எழுதிப் பாருங்களேன்" என்பார். அதாவது, மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதச் சொல்கிறார். அங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். பெரிய பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். நம்மிடம் வாரம் பதினைந்து மணி நேர வகுப்பும், திருத்தாத விடைத்தாள் கட்டும்தான் இருக்கும். அந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது

அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு இரண்டாண்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே உண்டாக்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது: தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அட்வான்ஸ்டு டெக்னாலஜிக்கல் எஜுகேஷன். சுருக்கமாக ஏ.டி.இ. வட கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் பிரைஸ் முன்னின்று கொண்டுவந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பிறந்தது. அதுவரை அந்த அறக்கட்டளை என்றாலே ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்தான். இந்தச் சட்டம் வந்தபிறகு, தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் கையால் வேலை செய்கிற டெக்னீஷியனைப் படிக்க வைக்கும் கல்லூரிக்கும் அங்கே இடம் கிடைத்தது.

டெக்னீஷியன் என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தானியங்கி உற்பத்தி, உயிரித் தொழில்நுட்பம், சைபர் பாதுகாப்பு, செமிகண்டக்டர், எரிசக்தி, வேளாண் தொழில்நுட்பம் என்று எந்தத் துறையாகவும் இருக்கலாம். ஆனால் முடிவில் ஒருவர் இரண்டாண்டுப் பட்டமோ சான்றிதழோ வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். "எங்கள் மாணவர்களுக்குக் கால்குலஸ் நன்றாக வரவில்லை, அதற்கு உதவி வேண்டும்" என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் இந்தக் கதவு அதற்கு இல்லை.

புதிதாக வருகிற கல்லூரிகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. சமீப வருடங்களில் ஏ.டி.இ. மானியம் வாங்காத கல்லூரிகள் மட்டுமே அதில் போட்டியிடலாம். விண்ணப்பம் கோரி வந்த 2021-ஆம் ஆண்டு அறிவிப்பில் அதன் உச்சவரம்பு மூன்று வருடத்துக்கு 3,50,000 டாலர். தொகையும் விதிகளும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும் என்பதால், நடப்பில் உள்ள அறிவிப்பை அச்செடுத்துப் பென்சிலோடு இரண்டு முறை படியுங்கள். நண்பர் கொடுத்த பழைய புரொபோசலை (மானிய விண்ணப்பத்தை) நம்பி எழுதுகிறவர்கள் முதலில் வழுக்குவது இங்கேதான்.

உங்களுக்கு வேண்டியது கருவி மட்டும்தான் என்றால் ஏ.டி.இ. சரிப்படாது. கருவி வாங்குவதையே முக்கிய வேலையாக வைத்த திட்டத்தை அவர்கள் ஏற்பதில்லை. தொழிற்கல்விக்கான பெர்கின்ஸ் சட்டப் பணம் மாநிலம் வழியாக உங்கள் கல்லூரிக்கு வருகிறதா என்று டீனிடம் கேளுங்கள். கருவிக்கு அது எளிய வழி. ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகைதான் நோக்கம் என்றால், அதே அறக்கட்டளையின் எஸ்-ஸ்டெம் திட்டத்தைப் பாருங்கள்.

ஜனவரி: தொழிற்சாலைக்குப் போங்கள்

நான் முதன்முதலில் எழுதிய வரைவு இப்படித் தொடங்கியது: "எங்கள் ஆய்வகத்தில் உள்ள பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கருவிகள் பழையவை." ஊரில் உள்ள ஒரு பேக்கேஜிங் ஆலையின் பராமரிப்பு மேலாளரிடம் அதைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "எங்களுடையதும்தான் பழையது. அதுவா பிரச்சினை? இரவு ஷிப்டில் கன்வேயர் நின்றால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் இரண்டே பேர். இருவருக்கும் அறுபது வயது ஆகப்போகிறது." எனக்குத் தேவைப்பட்ட முதல் பத்தியை அவர்தான் நின்றவாக்கிலேயே சொல்லிக்கொடுத்தார்.

விண்ணப்பத்தைப் படித்துத் தரம் போடுகிற மதிப்பீட்டாளருக்கு உங்கள் லேபின் கஷ்டம் பெரிதாகப் படாது. எல்லா லேபிலும் அதே கஷ்டம். எந்த வேலைக்கு ஆளில்லை, அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அது உங்கள் பாடத்திட்டத்தில் எங்கே விடுபட்டிருக்கிறது என்ற மூன்றையும் ஒரே நூலில் கோத்துக் காட்டுங்கள். அதற்கு ஐந்தாறு நிறுவனங்களுக்காவது நேரில் போக வேண்டும். மனிதவளத் துறையோடு நின்றுவிடாதீர்கள். மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற மேற்பார்வையாளரைப் பிடியுங்கள். "கடைசியாக நீங்கள் வேலைக்கு எடுத்த ஆளுக்கு எது தெரியவில்லை?" என்று கேட்டால் பட்டியலே கிடைக்கும்.

டெக்சஸின் காலின் கல்லூரியில் இருந்த ஒரு ஏ.டி.இ. மையம் இதையே ஒரு முறையாக வளர்த்தது. பெயர் பில்ட். தொழில்துறையினரை வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் காபியும் சாண்ட்விச்சும் கொடுத்து அனுப்புகிற ஆலோசனைக் குழு இல்லை இது. டெக்னீஷியனுக்குத் தேவையான திறன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர்களையே மதிப்பெண் போடச் சொல்லி, அதை வைத்துப் பாடத்திட்டத்தைத் திருத்துவார்கள். புரொபோசலில் இப்படியொரு மதிப்பெண் அட்டவணை இருந்தால், பக்கம் பக்கமாக எழுதும் நியாயத்தைவிட அது நன்றாகப் பேசும்.

இன்னொரு வேலையும் இந்த மாதத்திலேயே முடித்துவிடலாம். அறக்கட்டளையின் இணையதளத்தில் இதுவரை கொடுத்த மானியங்களைத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் துறைப் பெயரைப் போட்டு, பத்துப் பதினைந்து சுருக்கங்களைப் படியுங்கள். யாரோ ஏற்கெனவே செய்ததையே நீங்களும் செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிப் பாடப்பொருளைக் கேட்டு வாங்கி, உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றுவதாக எழுதுங்கள். சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்காத ஆளை மதிப்பீட்டாளர்களுக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி: பதிவு என்ற முள்வேலி

மானியத்துக்கு விண்ணப்பிப்பது நீங்கள் இல்லை, உங்கள் கல்லூரி. அந்தக் கல்லூரி சாம் என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறியீடு அங்கே கிடைக்கும். 2022 ஏப்ரலிலிருந்து பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதில் இதுதான். பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பதிவு காலாவதியான விஷயமே ஆகஸ்டில்தான் தெரிந்தது. புதுப்பிக்கப் போனால், கல்லூரியின் சட்டப்பூர்வப் பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரி, வரித்துறை ஆவணத்தில் வேறு மாதிரி. முகவரியில் ஒன்றில் கட்டட எண், மற்றதில் தபால் பெட்டி எண். நிரூபிக்கக் காகிதம் அனுப்பி, அது திரும்பி வந்து, மறுபடி அனுப்பிப் பதிவு சரியாகும்போது காலக்கெடு தாண்டிவிட்டது. பத்து மாத உழைப்பு அடுத்த வருடத்துக்குப் போனது. ஆகவே கல்லூரியின் நிதி அலுவலகத்தில் யார் அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்கிறார் என்று பிப்ரவரியிலேயே கண்டுபிடித்து, காலாவதித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு இலவசம். "உங்கள் பதிவு முடியப்போகிறது, இவ்வளவு டாலர் கட்டுங்கள்" என்று வரும் மின்னஞ்சல்கள் தனியார் கடைகளுடையவை.

அப்படியே ரிசர்ச்.கவ் தளத்தில் கல்லூரியின் பெயரில் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த அதிகாரம் பெற்றவர் யார் என்றும் கேளுங்கள். உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்காது. பெரும்பாலும் துணைத் தலைவர் யாராவது இருப்பார். அக்டோபர் முதல் வாரத்தில் அவர் விடுப்பில் போவாரா என்று இப்போதே கேட்பதில் தப்பில்லை.

வசந்தம்: துணைக்கு ஆள்

தனியாக எழுதாதீர்கள். தெற்கு கரோலினாவின் ஃபிளாரன்ஸ்-டார்லிங்டன் தொழில்நுட்பக் கல்லூரியை மையமாகக் கொண்டு 2012-லிருந்து மென்டர்-கனெக்ட் என்ற ஏற்பாடு நடக்கிறது. ஏற்கெனவே மானியம் வாங்கி நடத்திய அனுபவசாலி ஒருவரை உங்கள் குழுவுக்குக் கொடுத்து, எழுதி முடிக்கும்வரை மாதக்கணக்கில் கூடவே வரச் செய்வார்கள். அதற்கும் பணம் தருவது அதே அறக்கட்டளைதான், உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சேர விரும்பினால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருடம் தவறிவிட்டால் அவர்கள் பொதுவில் வைத்திருக்கும் மாதிரிப் படிவங்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழுவில் கிராண்ட் தெரிந்தவரைவிட, மாணவர் சேர்க்கை ஆலோசகர் ஒருவர் இருப்பது முக்கியம் என்பது என் கட்சி. பாடத்திட்டம் பிரமாதமாக எழுதி, வகுப்பில் நான்கே பேர் உட்கார்ந்திருந்த திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவரத் தெரிந்தவரை எழுதும்போதே உட்கார வையுங்கள்.

அப்புறம், அறக்கட்டளையின் திட்ட அலுவலர். இவருக்கு எழுத நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. அரசு அதிகாரியைத் தொந்தரவு செய்யலாமா என்று. தாராளமாகச் செய்யலாம், அவர் வேலையே அதுதான். ஒரே ஒரு பக்கத்தில் பிரச்சினை, யோசனை, யார் பயன்பெறுவார், ஏறத்தாழ எவ்வளவு பணம் என்று எழுதி அனுப்பி, பதினைந்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். "இது எங்கள் திட்டத்துக்கு ஒத்துவராது" என்று அவர் சொன்னால் ஒரு கோடைக்காலமே மிச்சம்.

கோடை: பதினைந்து பக்கம்

மையமான விளக்க அறிக்கைக்குப் பதினைந்து பக்கம்தான். அதற்கு முன் ஒரு பக்கச் சுருக்கம். அதில் மூன்று பகுதி கட்டாயம்: திட்டம் என்ன, அறிவுத் தகுதி என்ன, விரிந்த பயன் என்ன. கடைசி இரண்டும்தான் அறக்கட்டளையின் இரண்டு உரைகல். அறிவுத் தகுதி என்றவுடன் ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி முறுக்கிக்கொண்டு எழுத வேண்டாம். இந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் டெக்னீஷியன் கல்வியைப் பற்றி நமக்குப் புதிதாக என்ன தெரியவரும் என்பதே கேள்வி. விரிந்த பயன் என்பது உங்கள் மாணவர்களுக்கும் ஊருக்கும் மற்றக் கல்லூரிகளுக்கும் இதனால் என்ன நன்மை என்பது. இதற்கு விளக்க அறிக்கைக்குள்ளும் தனித் தலைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் படிக்காமலே திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் வாசகர் யாரென்று ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். அவரும் உங்களைப் போல ஒரு கல்லூரி ஆசிரியராகவோ தொழில்துறையைச் சேர்ந்தவராகவோ இருப்பார். தன் வகுப்பு வேலை எல்லாம் முடித்துவிட்டு, இரவில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல புரொபோசல்களைப் படிக்கிறார். "நவீன உலகின் வேகமாக மாறிவரும் தொழில்நுட்பச் சூழலில்" என்று தொடங்கினால் அவர் கண் அடுத்த பத்திக்குத் தாவிவிடும். "எங்கள் மாவட்டத்தில் நான்கு பேக்கேஜிங் ஆலைகள். நான்கிலும் இரவு ஷிப்டுக்குப் பராமரிப்பு டெக்னீஷியன் கிடைக்கவில்லை" என்று தொடங்கினால் நிமிர்ந்து உட்காருவார்.

குறிக்கோள்களை எண்ணத்தக்கதாக எழுதுங்கள். "மாணவர்களின் திறன் மேம்படும்" என்பதை யாரும் அளக்க முடியாது. "மூன்றாம் வருட இறுதிக்குள் 36 மாணவர்கள் புதிய சான்றிதழை முடிப்பார்கள்" என்றால் அளக்கலாம். ஆனால் ஆர்வக்கோளாறில் 200 என்று போடாதீர்கள். உங்கள் லேபில் எத்தனை பெஞ்ச் என்று மதிப்பீட்டாளர் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

நிறுவனங்களின் கடிதம் விஷயத்தில் ஒரு வார்த்தை. "இந்தச் சிறந்த கல்லூரியை மனமார ஆதரிக்கிறோம்" என்ற பாராட்டுக் கடிதம் கால்காசு பெறாது. "வருடத்துக்கு நான்கு மாணவர்களுக்கு எட்டு வார ஊதியப் பயிற்சி தருவோம். எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் பருவத்துக்கு இரண்டு வகுப்பு எடுப்பார்" என்று எண்ணும் வினையும் உள்ள கடிதம் வேண்டும். நீங்களே வரைவு எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் வராது. எல்லாக் கடிதமும் ஒரே வாக்கியத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

எல்லோரும் கடைசியில் செய்வது. நான் நடுவிலேயே செய்யச் சொல்வேன், ஏனென்றால் கணக்குப் போடும்போதுதான் திட்டத்தில் உள்ள ஓட்டை தெரியும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மூன்று வருடத்துக்கு:

ஆசிரியர்களின் சம்பளமும் சலுகைகளும் 1,30,000 டாலர். பெரிய கருவிகள் 45,000. பயணம் 25,000. பங்கேற்பாளர் உதவி 40,000. வெளி மதிப்பீட்டாளர் (விண்ணப்பத்தைப் படிப்பவர் இல்லை, திட்டம் நடந்த விதத்தைப் பார்த்துச் சொல்பவர்) 25,000. லேப் பொருட்களும் மற்றவையும் 45,000. ஆக நேரடிச் செலவு 3,10,000.

இதற்கு மேல் மறைமுகச் செலவு. அதாவது விளக்கு, கட்டடம், கணக்குப்பிள்ளை என்று கல்லூரி தாங்கும் செலவுக்கான பங்கு. மத்திய அரசோடு பேசி விகிதம் நிர்ணயித்துக்கொள்ளாத கல்லூரிகள் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். 2024 அக்டோபருக்கு முன் அது 10 சதவீதமாக இருந்தது. ஆனால் முழுத் தொகைக்கும் இதைப் போடக் கூடாது. கருவிகளையும் பங்கேற்பாளர் உதவியையும் கழித்துவிட வேண்டும். 3,10,000-லிருந்து 85,000 போக, 2,25,000. அதில் 15 சதவீதம் 33,750. மொத்தம் 3,43,750 டாலர். 3,50,000 வரம்புக்குள் அடங்குகிறது. கழிக்காமல் போட்டிருந்தால் 3,56,500 ஆகி வரம்பைத் தாண்டியிருக்கும்.

எது கருவி என்பதிலும் ஒரு நுணுக்கம். புதிய மத்திய விதிப்படி ஒரு பொருளின் விலை 10,000 டாலரை எட்டினால் அது கருவி. உங்கள் கல்லூரி அதைவிடக் குறைந்த வரம்பு வைத்திருந்தால் அந்த வரம்பே செல்லும். ஆகவே 6,000 டாலர் பயிற்சிப் பலகை ஒரு கல்லூரியில் கருவி, பக்கத்துக் கல்லூரியில் லேப் பொருள். நிதி அலுவலகத்தில் கேட்காமல் எழுதாதீர்கள். பங்கேற்பாளர் உதவி என்று ஒதுக்கிய பணம், உதாரணமாகக் கோடைப் பயிலரங்குக்கு வரும் பள்ளி ஆசிரியர்களுக்கான உதவித்தொகை, அதற்கு மட்டும்தான். அறக்கட்டளையின் முன் அனுமதி இல்லாமல் வேறு கணக்குக்கு மாற்ற முடியாது.

"எங்கள் கல்லூரியும் தன் பங்குக்கு 50,000 போடும்" என்று தாராளமாக எழுதாதீர்கள். நல்லெண்ணம் காட்டுவதாக நினைத்துத்தான் எழுதுவோம். ஆனால் கேட்காத இடத்தில் இப்படிப் பங்குத் தொகையை உறுதியளிப்பதை அறக்கட்டளை தடை செய்திருக்கிறது.

உங்கள் நேரத்தை வாங்கப் பணம் ஒதுக்குங்கள். பருவத்துக்கு ஐந்து வகுப்பு எடுப்பவர் அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டே திட்டமும் நடத்துவேன் என்றால் மதிப்பீட்டாளர் நம்பமாட்டார். ஒரு வகுப்பிலிருந்து விடுவித்து, அதை எடுக்கும் பகுதிநேர ஆசிரியருக்குச் சம்பளம் என்று எழுதுங்கள். டீன் அதற்கு ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு "வகுப்புக்கு ஆளில்லையே" என்று கை விரிப்பது நடக்கிற கதைதான்.

வெளி மதிப்பீட்டாளரை ஜூனிலேயே பிடியுங்கள். திட்டம் சொன்னதைச் செய்ததா என்று பார்த்துச் சொல்ல, உங்கள் குழுவைச் சாராத ஓர் ஆள். மதிப்பீட்டுப் பகுதியை அவரையே எழுதச் சொல்லுங்கள். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால், மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ள எவாலுவேட் மையம் ஏ.டி.இ. திட்டங்களின் மதிப்பீட்டுக்கென்றே இருக்கிறது. அவர்களுடைய வழிகாட்டிகள் இலவசம்.

அக்டோபர், அதற்குப் பிறகு

காலக்கெடு வழக்கமாக அக்டோபர் முதல் வியாழன், உங்கள் ஊர் நேரம் மாலை 5 மணி. செவ்வாயன்றே அனுப்பிவிடுங்கள். ஓரம், எழுத்தளவு, பக்க எண்ணிக்கை எல்லாவற்றையும் தளமே சோதிக்கும். ஒரு கோப்பு அரைப் பக்கம் நீண்டிருந்தாலும் ஏற்காது. குழுவினரின் தன்விவரக் குறிப்பைச் சொந்த வேர்ட் கோப்பாகக் கொடுக்க முடியாது. சயன்-சிவி என்ற தளத்தில்தான் தயாரிக்க வேண்டும். அதில் கணக்குத் தொடங்குவதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

முடிவு தெரிய ஆறு மாதம் வரை ஆகும். மதிப்பீட்டாளர்கள் சிறப்பிலிருந்து மோசம் வரை ஐந்து தரத்தில் ஒன்றைப் போடுவார்கள். ஆனால் கொடுக்கலாம் என்று பரிந்துரைப்பது திட்ட அலுவலர். குளிர்காலத்தில் அவரிடமிருந்து, "பயணச் செலவைக் குறைக்க முடியுமா? சேர்க்கை எண்ணிக்கையை எப்படி எட்டுவீர்கள்?" என்று மின்னஞ்சல் வந்தால் நல்ல சகுனம். கிடைத்தாகிவிட்டது என்று கல்லூரியில் லட்டு கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த கெடுவுக்குள் பதில் எழுதுங்கள், அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 வசந்தத்தில் இந்த அறக்கட்டளை, கல்விப் பிரிவையும் சேர்த்து, ஏராளமான மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. அதனால் முழுக்க மானியச் சம்பளத்தை நம்பி ஒருவரை வேலைக்கு எடுக்கும்முன் அவரிடம் நிலைமையை உடைத்துச் சொல்லிவிடுங்கள். பணம் மொத்தமாக வந்து கல்லூரிக் கணக்கில் உட்கார்ந்திருக்காது, செலவுக்கு ஏற்பத்தான் எடுக்க முடியும். பில்களைத் தேங்கவிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

கிடைக்கவில்லை என்றால் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் உங்களுக்கு வரும். படித்த அன்று கோபம் வரும், "என் புரொபோசலை இவர் படிக்கவே இல்லை" என்று தோன்றும். மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுங்கள். மூன்று பேரில் இருவர் ஒரே இடத்தில் குழம்பியிருந்தால் அங்கே நீங்கள் சரியாக எழுதவில்லை. திட்ட அலுவலரிடம் பேசித் திருத்தி மறுபடி அனுப்புங்கள், இரண்டாம் முறை கிடைத்தவர்கள் நிறையப் பேர். இடையில் மதிப்பீட்டாளராக வரத் தயார் என்று உங்கள் விவரத்தையும் அறக்கட்டளைக்கு அனுப்பி வையுங்கள். நாற்காலியின் அந்தப் பக்கம் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வந்தால், உங்கள் பழைய முதல் பக்கத்தை நீங்களே அடித்துவிடுவீர்கள். அப்புறம் அந்தப் பேக்கேஜிங் ஆலைக்கு ஒரு போன். கடிதம் கொடுத்த மேலாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று.